ஈரக்காற்றில் கிடந்த கேசட், அதற்குள் ஒரு கல்லூரி பேண்ட்

"காலேஜ் டே புரோகிராம்" என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதிய கேசட் ஒன்று பரணிலிருந்து இறங்கி வந்தால், உடனே ஒரு டேப்ரெக்கார்டரில் போட்டுக் கேட்கத்தான் கை போகும். அதை மட்டும் செய்துவிடாதீர்கள். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, போதாக்குறைக்குக் கடற்காற்று. இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் இந்த ஈரத்தில் கிடந்த நாடாவில் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். பழைய நாடா பல நேரம் ஒரே ஒரு தடவைதான் நன்றாக ஓடும். அந்த ஒரு தடவை பதிவு செய்யும்போது அமைய வேண்டும், சும்மா கேட்டுப் பார்க்கும்போது வீணாகக் கூடாது.

பிராஸ் (டிரம்பெட், டிராம்போன் போன்ற பித்தளை ஊதுகருவிகள்) வைத்து ஸ்கா, ஃபங்க் என்ற இசை வகைகளை வாசித்த கல்லூரிக் குழுக்களின் கேசட்டை மனதில் வைத்துத்தான் இது எழுதப்படுகிறது. ஒலியைக் கணினியில் ஏற்றுவதோடு வேலை முடிவதில்லை. டிரம்பெட்டும் டிராம்போனும் என்ன வாசித்தன என்பது தாளில் ஏற வேண்டும். அதைப் பார்த்து இன்னொருவர் வாசிக்க வேண்டும். அப்போதுதான் அந்தக் குழு கிடைத்துவிட்டது என்று சொல்லலாம். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு வேலையும் ஒரு கேள்வியை நோக்கியே போகிறது: இந்த ஒலியிலிருந்து ஸ்வரத்தைச் சரியாக எழுத முடியுமா?

முதலில், கேட்பது ஸ்காவா என்று தெரிய வேண்டும். நம் பக்கத்தில் "ரெகே" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். ஸ்கா அதற்கு மூத்தது. 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் உருவானது. வேகம் குறைந்து 1966 வாக்கில் ராக்ஸ்டெடி ஆனது. 1968 வாக்கில் ரெகே ஆனது. ஸ்காவின் அடையாளம் கிட்டார் விழும் இடம். நான்கு அடியையும் "தக தக தக தக" என்று சொல்லிக் கை தட்டுங்கள். "த" தட்டில் விழும், கிட்டார் எல்லா "க"விலும் விழும். கர்நாடக இசை படித்தவர்களுக்கு அரை இடம் தள்ளிய எடுப்பு என்றால் புரியும். அதுவே பாட்டு முழுக்க ஒவ்வொரு அடியிலும் நடக்கிறது. பேஸ் கிட்டார் தட்டின் மேலேயே ஒவ்வொரு அடியாக நடந்து போகும். பழைய ஜமைக்க வாசிப்பில் கிக் டிரம்மும் ஸ்னேர் டிரம்மும் 2, 4ஆம் அடிகளில் சேர்ந்து விழும். ஸ்கட்டலைட்ஸ் குழுவின் டிரம்மர் லாயிட் நிப் நிலைநிறுத்திய பாணி அது. ஃபங்க் இதற்கு நேரெதிர். அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் 1960களின் நடுவில் கொண்டுவந்தபடி, எல்லாக் கனமும் முதல் அடியில். மற்றதெல்லாம் "தகதிமி தகஜணு" என்று பதினாறு துண்டாக உடைந்து, இடைவெளி விட்டு வாசிக்கப்படும். ஒரே பாட்டில் பல்லவி ஸ்காவும் சரணம் ஃபங்குமாக மாறுவது உண்டு. அந்த இடத்தில் தாளத்தின் வேகம் மாறியிருக்காது, கிட்டார் விழும் இடம் மட்டும்தான் மாறியிருக்கும். எழுதும்போது வேகத்தை மாற்றிக் குறித்துவிடாதீர்கள்.

ஸ்காவுக்கும் நம் மாவட்டத்துக்கும் எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை ஒன்று உண்டு. 1964இல் ஸ்கட்டலைட்ஸ் அமைந்தபோது அதில் ஊதியவர்களில் டாமி மெக்குக், டான் டிரம்மண்ட், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் ஆகிய நால்வர் கிங்ஸ்டனின் ஆல்ஃபா பள்ளியில் படித்தவர்கள். கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய, ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளி அது. பேண்டு வாத்தியம் அங்கே பாடமாகவே இருந்தது. நம் ஊரிலும் பிராஸ் கற்றுக்கொள்ளும் இடம் கிறிஸ்தவ ஆலயம்தான்: இரட்சணிய சேனையின் பேண்டு, சபைகளின் பாடகர் குழு, திருவிழாப் பவனியில் போகும் பேண்டு செட். காணாமல் போன டிரம்பெட்காரரைத் தேடுபவர்கள் கல்லூரி வருகைப் பதிவேட்டோடு நின்றுவிடாமல் அவருடைய சபையில் விசாரிக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். கிட்டார் வாசித்தவர் வளைகுடாவுக்குப் போய் கிட்டாரை மறந்திருக்கலாம். ஊதியவர் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸில் இன்றும் ஊதிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

கேசட்டைத் தேடும் இடங்கள்: குழுவினர் வீடு, கல்லூரிக்கு ஆஸ்தான மைக் செட் போட்ட சவுண்ட் சர்வீஸ், பழைய ரெக்கார்டிங் சென்டர், நிகழ்ச்சியை வீடியோ எடுத்த ஸ்டுடியோ. கல்லூரி ஆண்டு மலரில் படம் இருக்கும். படத்தில் கருவிகளை எண்ணிக்கொள்ளுங்கள், பிறகு காது ஏமாறும்போது அது கைகொடுக்கும். அகில இந்திய வானொலியின் நாகர்கோவில் நிலையம் 1984 அக்டோபரில் தொடங்கியது. குழுவினர் அதன் இளைஞர் நிகழ்ச்சியான இளையபாரதத்தில் வாசித்ததாகச் சொன்னால் அங்கே கேட்பதில் தப்பில்லை, ஆனால் நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்துவது வானொலிகளின் வழக்கம். ஒலிபரப்பானபோது வீட்டு ரேடியோவில் பதிவு செய்தவர் யார் என்று தேடுவது அதிகப் பலன் தரும்.

இதில் ஒரு நுணுக்கம். ஒரே கச்சேரிக்கு இரண்டு விதமான பதிவு இருக்கலாம். மிக்ஸரிலிருந்து நேராக வயர் போட்டு எடுத்தது ஒன்று, கூட்டத்தில் உட்கார்ந்து கையடக்க ரெக்கார்டரில் எடுத்தது இன்னொன்று. மிக்ஸர் பதிவுதான் சுத்தமாக இருக்கும் என்று அதை மட்டும் வாங்கி வந்துவிடாதீர்கள். சின்ன அரங்கில் டிரம்பெட்டுக்கு மைக் தேவைப்படாது, அது தானாகவே கூரையைத் தொடும். அதனால் மிக்ஸர் பதிவில் பாட்டும் கீபோர்டும் முன்னால் நிற்கும், பிராஸ் எங்கோ கிணற்றுக்குள் கேட்கும். கூட்டத்திலிருந்து எடுத்ததில் வார்த்தை புரியாது, பிராஸ் முழுசாக இருக்கும். வரியை ஒன்றிலிருந்தும் ஊதலை மற்றதிலிருந்தும் எழுதுங்கள். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் கலக்கப் பார்க்காதீர்கள். இரண்டு ரெக்கார்டர்களின் வேகமும் கணத்துக்குக் கணம் மாறுவதால் அரை நிமிடத்துக்குள் விலகி, ஜெட் விமானம் போவது போன்ற சத்தம் வரும்.

நாடாவைச் சுத்தம் செய்வது

கேசட்டின் ஜன்னலில் டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் பக்கமுகம் ஒரே பழுப்பாக வழவழவென்று இருந்தால் நல்லது. மாவு தூவியது போலவோ சிலந்தி நூல் போலவோ வெள்ளை தெரிந்தால் பூஞ்சை. பூஞ்சை பிடித்தால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். அப்படியே ஓட்டினால் ஒட்டிய இடத்தில் நாடா அறும், இல்லையென்றால் காந்தப் பூச்சு உரியும். உரிந்த பூச்சோடு பாட்டும் போய்விடும். கேசட்டை ஓட்டும் டெக்கின் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் காந்த முனையில்) அந்தத் தூள் ஏறினால் அடுத்துப் போடும் நல்ல கேசட்டும் கெடும்.

காற்றுப் புகாத டப்பாவில் 200 கிராம் சிலிக்கா ஜெல்லோடு ஒரு வாரம் வையுங்கள். டப்பாவுக்குள் ஒரு சின்ன ஈரப்பதமானியும் இருக்கட்டும். 40 சதவீதம் பக்கம் வந்து நின்றால் போதும், அதற்கும் கீழே ரொம்ப நாள் வைக்க வேண்டாம். அரிசிக்குள் புதைத்தால் தவிட்டுத் தூள் உள்ளே போகும். வெயிலில் வைத்தால் கூடு வளையும். மின் அடுப்பில் (ஓவனில்) வைத்துச் சூடாக்கும் முறை சில வகை ஸ்பூல் நாடாக்களுக்கானது, கேசட்டுக்கு வேண்டாம். காய்ந்த பூஞ்சை பொடியாகி உதிரும். அப்போது மாஸ்க் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மென்மையான பிரஷ்ஷால் பக்கமுகத்தை மட்டும் துடைத்து எடுங்கள்.

இதற்குக் கூட்டைத் திறக்க வேண்டும். ஐந்து திருகு போட்ட கூடு என்றால் எளிது. ஒட்டி மூடிய கூட்டை மெல்லிய பிளேடால் தையல் வழியே நெம்பித் திறந்து, உள்ளே இருப்பதைத் திருகு போட்ட வேறொரு கூட்டுக்கு மாற்றிவிட வேண்டும். திறக்கும் முன் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாடா எந்த உருளையைச் சுற்றிப் போகிறது என்பது மறந்துவிடும். இரு பக்கமும் ஒவ்வொரு வழுக்குத் தாள் உண்டு, அதை விட்டுவிட்டால் நாடா உரசிக் கிறீச்சிடும். ஹெட்டுக்கு எதிரே இருக்கும் சின்னக் கம்பளித் துண்டு பசை காய்ந்து விழுந்திருக்கும். அது இல்லாவிட்டால் ஒலி வந்து வந்து போகும், குறிப்பாக மேல் ஸ்தாயி மங்கும். கேசட் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுபவர்கள் பலர் இந்த ஒரு துண்டால்தான் ஏமாறுகிறார்கள். கூடு மாற்றினால் புதிய துண்டும் சேர்ந்தே வந்துவிடும். நாடா அறுந்திருந்தால் 3.81 மில்லிமீட்டர் ஒட்டு நாடா வேண்டும். செலோடேப் கூடவே கூடாது, அதன் பசை கசிந்து அடுத்த அடுக்கைப் பிடிக்கும். ஹெட்டைத் தொடுவது நாடாவின் வெளிமுகம், ஒட்டு போட வேண்டியது உள்முகத்தில்.

மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் முதலிலேயே உடைத்துவிடுங்கள். ரெக்கார்ட் பட்டனில் கை பட்டு ஒரு பாட்டின் நடுவே மூன்று வினாடி அழிந்தால் அதற்கு மருந்து கிடையாது. பிறகு பென்சிலால் கையாலேயே சில சுற்று சுற்றி, தடை இல்லையென்று தெரிந்தபின் ஒலிக்க விடாமல் ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றுங்கள்.

ஓட்டிப் பதிவு செய்வது

கேசட்டை நேராக எம்பி3 ஆக்கித் தரும் மலிவான கையடக்கப் பெட்டிகளின் வேகம் ஆடும். ஸ்வரம் எழுத அவை உதவாது. மோட்டாரும் பெல்ட்டும் சரியாக இருக்கும் பழைய டெக் ஒன்று போதும். ஹெட்டையும் நாடாவை இழுத்து ஓட்டும் கேப்ஸ்டன் கம்பியையும் 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ரப்பர் உருளைக்குச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணி போதும், துடைத்து முழுக்கக் காய விடுங்கள். டால்பி என்ற இரைச்சல் குறைக்கும் வசதியை அணைத்து வையுங்கள். டால்பியில் பதிவு செய்தது என்று உறையில் எழுதியிருந்தால் மட்டும் போடலாம்.

பலரும் கவனிக்காமல் விடுவது அசிமுத். ரெக்கார்டருக்கு ரெக்கார்டர் ஹெட் சற்றே சாய்ந்திருக்கும். பதிவு செய்த ஹெட்டின் சாய்வும் ஓட்டும் ஹெட்டின் சாய்வும் ஒத்துப்போகாவிட்டால் மேல் ஸ்தாயி செத்துவிடும். ஹைஹாட்டும் (டிரம் செட்டின் ஜோடிச் சிம்பல்) கிட்டாரின் வெட்டும் அங்கேதான் இருக்கின்றன, அது போனால் ஸ்காவே போன மாதிரி. ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட திருகு இருக்கும். இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்து ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே அந்தத் திருகைக் கால் சுற்றுக்குள் மெல்ல ஆட்டுங்கள். ஹைஹாட் எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும், சில நேரம் ஒவ்வொரு பக்கத்துக்கும், இது புதிதாகச் செய்ய வேண்டிய வேலை. காந்தம் ஏறிய ஸ்க்ரூடிரைவரை ஹெட் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் இன்னுக்கு வயர் போகட்டும். மடிக்கணினியின் மைக் துளையில் சொருகினால் உடைந்த ஒலிதான் வரும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு: அறுபது நிமிடக் கேசட்டுக்கு ஏறத்தாழ 2 ஜிபி. இடம் இல்லையென்றால் 48 கிலோஹெர்ட்ஸ், அதற்குப் பாதி. பிராஸ் சேர்ந்து அடிக்கும் இடத்தில் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. இடையில் நிறுத்தாமல் பக்கம் முழுவதையும் பதிவு செய்யுங்கள், அறிவிப்பாளர் பேச்சும் சேர்த்து. பேச்சில் தேதி ஒளிந்திருக்கும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல் வந்தது, அதற்கு முன் நம் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதே ஒரு தடயம். நடுவே சினிமாப் பாட்டு ஒன்று வாசித்திருந்தால், அந்தப் படம் வந்த தேதிக்கு முன்னால் அந்தக் கச்சேரி நடந்திருக்க முடியாது.

இரைச்சல் நீக்கும் வடிகட்டியை மூலக்கோப்பில் தொடவே வேண்டாம். நகலில் போட்டாலும் 6 டெசிபலுக்கு மேல் போகாதீர்கள். சிம்பலின் வால் அறுபடும், ஊதலுக்கு முந்தைய மூச்சு போய்விடும். அந்த மூச்சை வைத்துத்தான் எத்தனை பேர் ஊதினார்கள் என்று சில இடங்களில் எண்ண முடியும்.

சுதி எங்கே நிற்கிறது

பெரும்பாலானோர் தடுமாறி விழும் இடம் இது. கேசட்டின் வேகம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்பது விதி. பதிவு செய்த ரெக்கார்டர் அந்த விதியை மதித்திருக்கும் என்று நம்ப முடியாது. வேகம் 6 சதவீதம் மாறினால் சுதி அரைப்படி (கீபோர்டில் அடுத்த கட்டை) மாறிவிடும். அந்தச் சுதியிலேயே எழுதினால் டிரம்பெட்காரர் கையில் ஐந்து ஷார்ப் போட்ட தாள் போய்ச் சேரும். அவர் அதைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்.

மின்சார ஹம்மை (பதிவில் கேட்கும் உறுமலை) வைத்து வேகத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்வார்கள்: நாடாவில் பதிவாகியிருக்கும் 50 ஹெர்ட்ஸ் ஹம் 51 ஆகக் கேட்டால் நாடா 2 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்பது கணக்கு. நம் ஊருக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1990களில் மின்கட்டமைப்பின் அதிர்வெண் 50இல் நிலையாக நிற்கவில்லை, கரண்ட் போய் ஜெனரேட்டரில் நடந்த கச்சேரியில் இன்னும் மோசம். ஹம்மைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பத் தகுந்த சாட்சி எலக்ட்ரானிக் கீபோர்ட். கிட்டார் இறங்கும், டிரம்பெட் சூட்டில் ஏறும், கீபோர்ட் வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. சுதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தியிருந்தாலும் அது முழு அரைப்படியாகத்தான் நகரும். ஆகவே கீபோர்ட் மட்டும் ஒலிக்கும் இடத்தைத் தேடி, ட்யூனர் செயலியில் எத்தனை சென்ட் (அரைப்படியில் நூறில் ஒரு பங்கு) விலகியிருக்கிறது என்று பாருங்கள். 40 சென்ட் மேலே இருந்தால் நாடா 2.3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேகத்தையும் சுதியையும் சேர்த்து மாற்றும் கட்டளையைப் போட்டு 2.28 சதவீதம் குறைக்க வேண்டும். சுதியை மட்டும் மாற்றும் கட்டளையைத் தொட்டால் தாளத்தின் வேகம் தப்பாகவே நின்றுவிடும்.

ஆனால் 40 சென்ட் மேலே இருப்பதும் 60 சென்ட் கீழே இருப்பதும் ட்யூனரில் ஒரே இடம்தான். எது உண்மை என்று கருவிகளின் உடம்பைக் கேட்டால் சொல்லும். நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் அடிமட்டம் ஈ, 41.2 ஹெர்ட்ஸ், பாட்டில் அதற்குக் கீழே ஈ ஃபிளாட் கேட்டால், ஒன்று கம்பியை இறக்கியிருக்கிறார்கள், அல்லது நாடா மெதுவாக ஓடுகிறது. டிராம்போன் சாதாரணமாக இறங்கும் எல்லையும் ஒரு ஸ்தாயி மேலே அதே ஈ. ஊதுபவர்களுக்கு வசதியான சுதி எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட். கிட்டார்காரர்களுக்கு வசதி ஈ, ஏ. பிராஸ் முன்னணியில் நிற்கும் பாட்டு பி மேஜரில் வந்தால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது வேகமாக ஓடும் பி ஃபிளாட்.

இன்னொரு வகை கோளாறு: முதல் பாட்டு சரியாக இருக்கும், போகப் போகச் சுதியும் வேகமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பதிவு செய்தபோது ரெக்கார்டர் பேட்டரியில் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். பேட்டரி இறங்க இறங்க நாடா மெதுவாகப் போயிருக்கும், இப்போது சரியான வேகத்தில் ஓட்டும்போது எல்லாம் வேகமாகக் கேட்கும். பாட்டுப் பாட்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சென்ட் அளந்து சரிசெய்யுங்கள். ஒரே பாட்டுக்குள் 15 சென்டுக்கு மேல் ஏறினால் மட்டும் ஆடாசிட்டியின் ஸ்லைடிங் ஸ்ட்ரெச்சைத் தொடலாம். அது ஒலியைக் கொஞ்சம் சிதைக்கும், எழுதுவதற்கான நகலில் மட்டும் போடுங்கள்.

காதிலிருந்து தாளுக்கு

சோனிக் விஷுவலைசர் என்ற மென்பொருள் இலவசம். அலையோடு ஸ்பெக்ட்ரோகிராமையும் (எந்த அதிர்வெண் எப்போது ஒலிக்கிறது என்ற படத்தையும்) காட்டும், சுதி மாறாமல் வேகத்தையும் குறைக்கும். 70 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒலி குழைந்து ஸ்வரம் மங்குகிறது, அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

எழுதும் வரிசை முக்கியம்: முதலில் பேஸ், பிறகு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு), கடைசியில் பிராஸ். நேராகப் பிராஸில் கை வைத்தால் நடுக்குரலில் மாட்டிக்கொள்வீர்கள். பேஸ் குழம்பலாகக் கேட்டால் 250 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டி, நகலை ஒரு ஸ்தாயி ஏற்றிக் கேளுங்கள். காது அந்த உயரத்தில் ஸ்வரத்தை உடனே பிடித்துக்கொள்ளும். கையடக்க ரெக்கார்டர் பதிவுகளில் ஒரு தொல்லை உண்டு: தானியங்கி அளவுக் கட்டுப்பாடு. பிராஸ் ஓங்கி அடித்தவுடன் ரெக்கார்டர் ஒலியைக் கீழே அமுக்கும், அடுத்த ஒரு அடிக்குப் பேஸ் காணாமல் போகும். அங்கே பேஸ் நின்றுவிட்டது என்று ஓய்வுக் குறி போட்டுவிடாதீர்கள். பிராஸ் இல்லாத சுற்றில் அதே இடத்தில் என்ன வாசித்தார் என்று பார்த்து எழுதுங்கள்.

ஸ்காவின் கார்ட் எளிது. பெரும்பாலும் முதல், நான்காம், ஐந்தாம் படிகள். கிட்டாரின் மெல்லிய மூன்று கம்பியில் மட்டும் கீழிருந்து மேலே இழுத்து, இடது கையை உடனே தளர்த்தி நிறுத்த வேண்டும். ஆறு கம்பியையும் அடித்தால் பேஸோடு மோதிக் குழம்பும். மறுபடி வாசிக்க முயலும் குழுக்கள் முதல் நாளே செய்யும் தவறு அதுதான். ஃபங்க் பாட்டு என்றால் ஒன்பதாம் கார்ட் ஒன்றையே முழுப் பாட்டுக்கும் பிடித்துக்கொண்டிருப்பார்கள், மாற்றம் எல்லாம் வலது கையில்.

பிராஸில் முதலில் மேல் ஸ்வரத்தை எழுதுங்கள், அடுத்து அடி ஸ்வரத்தை. நடுவில் இருப்பவரைக் காது தனியாகப் பிடிக்காது. கார்டைத் தெரிந்துகொண்டால் மிச்சம் இருக்கும் ஸ்வரம்தான் அவருடையது. மாணவர் குழுக்களில் பெரும்பாலும் எல்லோரும் ஒரே ஸ்வரத்தையோ ஒரு ஸ்தாயி தள்ளியோதான் ஊதுவார்கள். முடிக்கும் இடத்தில் மட்டும் மூன்றாகப் பிரிவார்கள். எல்லா இடத்திலும் மூன்று குரல் கேட்பதாகத் தோன்றினால் அது உங்கள் ஆசை, நாடாவில் இல்லை. இரண்டாவது குரல் சாக்ஸஃபோனா கிளாரினெட்டா என்று குழப்பம் வரும், நம் பேண்டு செட்டுகளில் கிளாரினெட் அதிகம். ஸ்பெக்ட்ரோகிராமில் கீழ்ஸ்தாயி ஸ்வரம் ஒன்றைப் பாருங்கள். கிளாரினெட் என்றால் முதல், மூன்றாம், ஐந்தாம் கோடு பளிச்சென்றும் இரண்டாம், நான்காம் கோடு மங்கலாகவும் தெரியும். சாக்ஸ் என்றால் எல்லாக் கோடும் இருக்கும்.

தாள் தயாரிக்கும்போது டிரம்பெட்டுக்கும் பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கும் ஒரு முழுப்படி ஏற்றி எழுத வேண்டும். ஆல்ட்டோ சாக்ஸுக்குப் பெரிய ஆறாம் இடைவெளி, டெனர் சாக்ஸுக்கு ஒரு ஸ்தாயியும் ஒரு படியும். டிராம்போனுக்கு பேஸ் க்ளெஃபில் ஒலிப்பது எதுவோ அதுவே. சபையில் சோல்ஃபா பார்த்துப் பழகியவர்களுக்கு டோ, ரே, மி வரிசையிலும் ஒரு பிரதி எழுதிக் கொடுங்கள். அவர்கள் அதில் படிக்கும் வேகத்தை ஸ்டாஃப் (ஐந்து கோட்டுக் குறியீடு) படிப்பவர்கள் எட்ட முடியாது.

எழுதி முடித்தபின் பழைய குழுவினரிடம் போங்கள், முன்னால் வேண்டாம். வெறுங்கையோடு போய் "அந்தக் காலத்த பத்திச் சொல்லுங்க" என்றால் எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள். தாளைக் கையில் கொடுத்து, "அண்ணே, இந்த எட்டாவது பார்ல நீங்க மேல போறீங்களா, கீழ நிக்கிறீங்களா?" என்று கேளுங்கள். விரல் தானாக வால்வை அழுத்தும். வாய் மறந்ததை விரல் சொல்லும் அந்தக் காட்சிக்காகவே இத்தனை வேலையும் செய்யலாம்.

அவர் வீட்டில் டிரம்பெட் இருந்தால் உடனே ஊதச் சொல்லாதீர்கள். வால்வு இறுகியிருக்கும். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் உண்டு; அது குளிரில் உறைந்து பிசினாகும். வால்வு எண்ணெய் என்றே தனியாக விற்கிறது, மூன்று நான்கு சொட்டு போதும். சுதி சேர்க்கும் குழாய் பச்சைக் களிம்பு ஏறி ஒட்டியிருந்தால் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு இரவு வைத்துவிட்டு, துணி சுற்றிக் கையால் இழுங்கள். குறடு போட்டால் குழாய் நசுங்கும். புளி போட்டுத் துலக்கினால் பளபளக்கும், கூடவே மேலே பூசிய அரக்கும் போகும்; அதன்பிறகு கடற்காற்றில் ஒரே மழைக்காலத்தில் கறுத்துவிடும். சாக்ஸ் என்றால் தோல் பேடுகள் ஊதிப்போயிருக்கும். இருட்டறையில் உள்ளே சின்ன விளக்கை விட்டு, மூடிய பேடைச் சுற்றி வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் கீழ் ஸ்வரங்கள் வராது, அதை வாசிப்பவரின் குறை என்று நினைத்துவிடக் கூடாது. முப்பது ஆண்டு ஊதாத உதட்டுக்குப் பழைய சுதி எட்டாது, ஒரு முழுப்படி இறக்கி இன்னொரு தாள் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மூலச் சுதித் தாள் அப்படியே இருக்கட்டும்.

இணையத்தில் ஏற்றும் முன் இசையமைத்தவர், வாசித்தவர் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு, இசையமைத்தவரின் உரிமை அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு. நடுவில் வாசித்த சினிமாப் பாட்டுகளின் உரிமை வேறு ஆளிடம் இருக்கும், அவற்றைப் பொதுவில் ஏற்றாமல் குழுவினருக்கு மட்டும் கொடுங்கள்.

ஒவ்வொரு கோப்போடும் ஒரு எழுத்துக் கோப்பு வையுங்கள்: எந்தக் கேசட், எந்தப் பக்கம், எந்த டெக், எத்தனை சதவீதம் வேகம் மாற்றினீர்கள், சுதியை எதை வைத்து முடிவு செய்தீர்கள், எந்த ஸ்வரங்கள் காதால் கேட்டவை, எவை கார்டை வைத்து ஊகித்தவை. ஊகித்ததைத் தாளில் அடைப்புக்குள் போடுங்கள். ஒரு பிரதி குழுவினரிடம், ஒன்று கல்லூரி நூலகத்தில், ஒன்று வேறு ஊரில் இருப்பவரிடம். கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முழுக்க ஒரு பக்கம் ஓட்டி, நடுவில் நிறுத்தாமல், சிலிக்கா ஜெல் டப்பாவில் செங்குத்தாக வையுங்கள். ஜெல் நிறம் மாறும்போது வறுத்துத் திரும்பப் போடுங்கள், ஜூன் மழைக்கு முன்னால் ஒரு தடவை, அக்டோபரில் ஒரு தடவை.